சேர்வராயன் காப்பிக்கு ஏன் பேர் இல்லை?

அமெரிக்காவில் நாபா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். ஒயினுக்கு ஃபேமஸ். 1976-ல் பாரீஸில் பாட்டில் பெயரை மறைத்து ஃபிரெஞ்சு நடுவர்களிடம் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். வெள்ளை, சிவப்பு இரண்டிலும் ஃபிரெஞ்சு ஒயின்களைத் தள்ளிவிட்டு நாபா ஒயின்களே முதலிடம் பிடித்தன. அதற்கப்புறம் லேபிளில் ஊர்ப்பெயர் இருந்தாலே விலை தனி.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம ஏற்காடு ஞாபகம்தான் வந்தது. சிரிக்காதீங்க மக்களே, நான் சொல்வது ஒயின் இல்லை, காப்பி.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் என்பார்கள். பேரிக்காய், ஆப்பிள் என்று எதை எதையோ நட்டுப் பார்த்திருக்கிறார் மனுஷன். காப்பி நிலைத்துவிட்டது. காரணம் மலைதான். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். குளிரிலும் மர நிழலிலும் அரபிகா பழம் மெதுவாகப் பழுக்கும். மெதுவாகப் பழுத்தால் கொட்டையில் மணமும் இதமான புளிப்பும் கூடும். கோடைக்கு முன்னால் ஒரு நல்ல மழை பெய்தால், பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும்.

1869-ல் இலங்கையில் இலைத்துரு நோய் வந்து அங்கே காப்பித் தொழிலையே அழித்தது. தென்னிந்தியாவும் தப்பவில்லை. நோயை ஓரளவு தாங்கும் எஸ்.795 ரகம் 1940-களில் கர்நாடகத்து பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. ஏற்காட்டிலும் அதுதான் முக்கிய ரகம்.

சரி, இவ்வளவு இருந்தும் பேர் ஏன் இல்லை? இங்கேதான் நம்ம காமர்ஸ் பசங்களுக்கு வேலை.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனது. விவசாயியைக் காப்பாற்ற 1942-ல் காப்பிச் சட்டம் போட்டார்கள். விளைந்த காப்பியைக் காப்பி போர்டின் பொதுக் கிடங்கில் கொடுத்துவிட வேண்டும். போர்டே ஏலம் விடும். பணம் தவணை தவணையாக வரும். அன்றைக்கு அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் அரை நூற்றாண்டு அதையே பிடித்துக்கொண்டிருந்தது என் பார்வையில் தப்பு. விலை போட்டது ரகத்துக்கும் தரத்துக்கும். 'பிளான்டேஷன் ஏ' என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டை, 'பீபரி' என்றால் பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை. எந்த மலை, யார் தோட்டம் என்பதெல்லாம் மூட்டையோடு மூட்டையாகக் கலந்து போச்சு. பாரீஸில் நாபா ஜெயித்த அந்த 1976-ல் ஏற்காட்டு எஸ்டேட்காரர் தன் பெயரைப் போட்டுச் சொந்தமாக விற்க முடியாது! 1990-களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996-ல்தான் முழுச் சுதந்திரம் கிடைத்தது.

காப்பி ருசி பார்ப்பதும் ஒயின் மாதிரிதான். பொடியில் வெந்நீர் ஊற்றி நாலு நிமிஷம் விட்டு, மேலே மிதக்கும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்ந்து, சர்ரென்று உறிஞ்சித் துப்ப வேண்டும். மணம், புளிப்பு, நாக்கில் தெரியும் கனம் மூன்றுக்கும் மார்க் உண்டு. நாம் என்ன பண்ணுகிறோம்? கருக வறுத்து, சிக்கரி கலந்து, பாலும் சர்க்கரையும் ஊற்றுகிறோம். டிகிரி காப்பிக்கு நான் எதிரி இல்லை (அம்மா படித்தால் வம்பு), ஆனால் அதில் ஏற்காடா கூர்க்கா என்று கண்டுபிடிப்பவருக்கு என் சொத்தை எழுதிவைக்கிறேன்.

2019-ல் ஐந்து இந்தியக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்: கூர்க், சிக்மகளூர், பாபாபூதன்கிரி, அரக்கு, வயநாடு. தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட அதில் இல்லை.

ஏற்காடு போனால் பொடி வாங்காதீர்கள். வறுத்த கொட்டையாக, சிக்கரி இல்லாமல் கேளுங்கள். எந்த எஸ்டேட் என்றும் கேளுங்கள். முதல் வாய் மட்டும் பால் ஊற்றாமல்.