துப்புரவான தோட்டம்

வரலாற்று நூல்களில் மன்னர்களுக்கு இடமுண்டு. மண்ணுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால் அன்றைய மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி மண்ணை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த மண்ணில் நம்மவரின் வேர்வையும் கலந்திருப்பதால், கதை எழுதுகிறவனான எனக்கு அதில் தனி ஈடுபாடு உண்டு.

1877-ல் லண்டன் க்யூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றின் தாயகம் தென் அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மலாயாவில் காடுகள் அழிந்து, ரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்றன. மரத்தடியில் புல் தலைகாட்டினால் அது மரத்தின் உணவைத் திருடிவிடும் என்பது துரைமார்களின் எண்ணம். லாலான் புல்லுக்கு அவர்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் லாலானோடு சேர்ந்து பச்சையெல்லாமே பகையாகிவிட்டது. கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி, தமிழ் ஆண்களும் பெண்களும் நாள் முழுதும் குனிந்து களை கொத்தினார்கள். கூடத்தைப் பெருக்கியதுபோல் நிலம் வெறுமையாகக் கிடந்தால்தான் அது நல்ல தோட்டம்!

மழை சும்மா இருக்குமா? ஆண்டுக்கு 80 அங்குலத்துக்கு மேல் கொட்டிய மழை, போர்வையிழந்த சரிவுகளின் மேல்மண்ணை அரித்துச் சென்றது. ஆறுகள் தூர்ந்தன. சருகும் நிழலும் இல்லாத தரையில் மண்புழுவுக்கு என்ன பிழைப்பு?

பக்கத்திலேயே மலாய்க் குடியானவனின் சிறு தோட்டம் புதர் மண்டிக் கிடந்தது. சோம்பேறித்தனம் என்று அதை ஏளனம் செய்தார்கள். அவனுடைய மரங்களோ குறைவின்றிப் பால் தந்தன.

1920-களிலும் 30-களிலும் கருத்து மாறத் தொடங்கிற்று. ரப்பர் விலை வீழ்ந்தபோது களையெடுக்கும் செலவும் கண்ணை உறுத்தியது. சென்ட்ரோசீமா, கலபகோனியம், பியூரேரியா முதலிய அவரையினக் கொடிகளை மர வரிசைகளுக்கிடையே படரவிட்டார்கள். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. இலைகள் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ள, அடியில் மண் குளிர்ந்திருக்கிறது. உதிர்ந்த சருகை மரவட்டை கொறிக்கிறது. மண்புழு அதைத் தின்று எருவாக்குகிறது. புழுவின் வளை வழியே நீர் ஆழத்துக்கு இறங்குகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனைகளில், புல் மண்டிய நிலத்து மரங்களைவிடக் கொடி படர்ந்த நிலத்து மரங்கள் விரைவில் பால்வெட்டும் பருவம் எய்தின.

இதில் ஒரு வேடிக்கை. ரப்பர்த் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ஒருவகை மண்புழுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பிரேஸிலில் கண்ட அந்தப் புழுவை 1857-ல் ஃபிரிட்ஸ் முல்லர் விவரித்து எழுதினார். கன்றுகள் வந்த ஆண்டு நமக்குத் தெரியும். புழு கடல் கடந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை.

களை கொத்திய கைகளின் பெயர்களையுந்தான் யார் எழுதி வைத்தார்கள்? மண்ணுக்கு உரமாக வேண்டிய பச்சையை வெட்டி எறியத்தான் அவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி, மண்ணோடு சேர்ந்து ஆற்றில் போயிற்று.