கடல் கடந்த நீலத் துணி

ஆரணியில் தறியோசை கேட்டு வளர்ந்தவர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. சேலையை நெய்பவர் நெசவாளரே ஆயினும், அதன் கரை எத்தனை அங்குலம், உடல் என்ன நிறம் என்பதை முடிவு செய்பவர், எங்கோ ஓர் ஊரில் அதனை உடுத்தவிருக்கும் பெண்மணியே. அவர் விரும்பாத நிறம் எத்துணைத் திறமையாக நெய்யப்பட்டிருப்பினும் கடையின் அடுக்கிலேயே தங்கிவிடும்.

துணி ஏற்றுமதித் தொழிலில் உள்ள என் பழைய மாணவர் ஒருவர், நைஜீரியாவுக்குப் புறப்படும் முன் என்னைக் காண வந்தார். “ஆப்பிரிக்காவில் எதை அனுப்பினாலும் விற்றுவிடும் என்கிறார்களே ஐயா?” என்றார். பிறர் சொன்னதைத்தான் அவர் சொன்னார். எனினும் நம் கடற்கரையின் வணிக வரலாறு அதற்கு நேர்மாறானது. அன்று அவரிடம் கூறியதையே இம்மலருக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் ‘கினே’ என்னும் பருத்தித் துணி அங்கிருந்து கப்பலேறியது. மேலை ஆப்பிரிக்கக் கரைக்கு ஐரோப்பியர் இட்ட ‘கினி’ என்னும் பெயரே துணிக்கும் ஆயிற்று. அவுரிச் சாயத்தில் பலமுறை தோய்த்தெடுத்த கருநீலத் துணி அது. அவுரிப் பயிருக்குத் தென்னார்க்காடு பேர்பெற்றிருந்தது. துணி முதலில் பிரான்சுக்குச் சென்று, போர்தோ நகர வணிகர் வழியாகச் செனெகல் ஆற்று முகத்திலுள்ள சென் லூயி துறையை அடைந்தது. ஆற்றின் வடகரையில் வாழ்ந்த மூர் மக்கள் வேலமரப் பிசினைக் கொடுத்து அதனைப் பெற்றனர். அவர்களுக்கு அது உடை மட்டுமன்று, நாணயமும் ஆகும். பிற பண்டங்களின் விலையையும் இத்தனை கினே என்றே கணக்கிட்டனர். (அப்பிசினோ ஐரோப்பிய ஆலைகளில் துணிக்கு அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. அந்த அச்சுத் துணிகளே பின்னர் நம் நெசவாளரின் சந்தையைப் பறித்தன என்பது வேறு கதை.)

துணி நாணயமாகப் புழங்கும்போது அதன் தரத்தில் எவரும் ஏமாற விரும்பார். பிரான்சின் ரூவான் நகரத்து ஆலைகள் இதே நீலத்தில் போலித் துணியை நெய்து அனுப்பின. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தது. மூர் வணிகர் கையால் தடவினர், மணத்தை முகர்ந்தனர், மினுமினுப்பை நோக்கினர். ‘இது புதுச்சேரித் துணியன்று’ என ஒதுக்கினர். உடுத்தியவர் தோலில் படியும் நீலம் ஐரோப்பியர் கண்ணுக்குக் குறை. பாலைவனத்தாருக்கோ அது துணியின் சிறப்பு. ஒத்த பொருளைக் கலந்து விற்றலைக் கள்ளாமை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் சிராவக நூல்கள் எண்ணுகின்றன. அந்நூல்களைக் கேட்டறியாத மக்கள் அக்குற்றத்தை மோந்தே கண்டுபிடித்தனர்!

புதுச்சேரியில் 1820களின் இறுதியில் இயந்திர நூற்பாலை எழுந்தமைக்கு இத்துணி வணிகமும் ஒரு காரணம். செனெகல் கரையில் விருப்பம் மாறினால் இங்கே சாயத்தொட்டிகள் காய்ந்தன.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துணிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கவும் கொடுக்கப்பட்டன. பிரிட்டன் 1807இல் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்தது. அதன் பின்னும் பாலைவன ஓரத்து வேலங்காடுகளில் பிசின் சேகரித்தவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளே. உயிருள்ளவற்றை விற்கும் வாணிகம் ஆகாது என்பது நம் சான்றோர் கொள்கை. இங்கே தறியில் குனிந்திருந்தவருக்குத் தம் துணி எதற்கு விலையாகும் என்பது தெரிந்திராது. தெரிந்துகொண்ட நாம் பெருமை பேசுகையில் அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மாணவர் செல்லவிருந்த நைஜீரியாவுக்கு வருவோம். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், புகுமா முதலிய ஊர்களில் கலபாரி இனத்தார் வாழ்கின்றனர். சென்னையின் பெயர்தாங்கிச் சென்ற, சீராலா முதலிய ஊர்களில் நெய்த கட்டமிட்ட கைக்குட்டைத் துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்பர். குழந்தை பிறப்பிலும், இறந்தோரைக் கிடத்தும் அறையை அலங்கரிப்பதிலும் அதற்கு இடமுண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் காத்து வைப்பர்; நம் வீடுகளில் பாட்டியின் கூறைப்புடைவை இருப்பதுபோல.

அவர்கள் அதை வாங்கியபடியே உடுத்துவதுடன் நிற்கவில்லை. கலபாரிப் பெண்கள் ஊசியால் இழைகளை நெம்பி எடுத்து, கூரிய அலகால் அறுத்து, உருவி நீக்குகின்றனர். பெரும்பாலும் வெளிர்நிற இழைகளே போகும். எஞ்சிய இழைகளில் புதியதொரு கோலம் தோன்றும். துணியும் மெலிந்து காற்றோட்டமாகும். இதற்கு ‘பெலெத்தே பிதே’ என்று பெயர். அறுத்த துணி என்பது பொருள். நம் நெசவாளர் ஒன்றுக்கொன்று பிணைத்த இழைகளை அவர்கள் எண்ணியெண்ணிப் பிரித்தபோது அது கலபாரித் துணி ஆகிவிடுகிறது. இதைச் சேதம் என்று நினைக்கும் வணிகர் அங்கே யாருக்கு விற்கிறோம் என்பதை அறியாதவர்.

“அப்படியானால் இழை அறுத்தாலும் துணி குலையாத அளவு நெருக்கமாக நெய்திருக்க வேண்டுமே” என்றார் மாணவர். பிறகு தம் பையிலிருந்த மாதிரித் துணியொன்றை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஓர் இழையை நெம்பிப் பார்த்தார்.