ஒரு தறியில் இரண்டு துணி: நாடா, சாதி, கூலி



நினைவுரைக்கு நெசவுத் தொழில்நுட்பத்தைத் தலைப்பாக எடுத்தோம் என்றதும் நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். இலக்கிய அமைப்புக்குத் தறியோடு என்ன வேலை என்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி இருக்கிறது, தேவிகாபுரம் இருக்கிறது. இங்கே தறிச்சத்தம் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தத் தறியில் யார் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விட்டார்கள், உட்கார்ந்தவர்களில் யாருக்குக் கூலி போனது என்ற வரலாறு பட்டுச்சேலைப் பெருமையோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. அதைப் பேசவே இந்த உரை.

முதலில் வெகுதொலைவில் நடந்த ஒரு கதை. மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் இதைச் சொல்கிறார். வெனிஸ் நகரத்தில் 1636ல் வந்த ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தது. டான்சிக் நகரத்தில் அந்தோனி முல்லர் என்பவர் ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு துண்டுகள் நெய்யும் நாடாத் தறி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னாராம். இது வந்தால் நெசவாளிகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள் என்று பயந்த நகரத் தலைவர், அதைக் கண்டுபிடித்தவரை ரகசியமாகக் கழுத்தை நெரித்தோ நீரில் மூழ்கடித்தோ கொல்ல வைத்தாராம். கதை முழுவதும் உண்மையா என்று பார்க்க இப்போது வழியில்லை. ஆனால் அந்தத் தறியின் மீதிருந்த பயம் உண்மை. கொலோன் நகரத்தில் அதைத் தடை செய்தார்கள். ஹாம்பர்க் நகரத்தில் ஆட்சி மன்ற உத்தரவின் பேரில் தெருவில் வைத்து எரித்தார்கள். ஒரு ஆள், ஒரு தறி, பல துணி என்ற கணக்கு வந்தவுடன் மீதி ஆட்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

இரண்டு துணியை ஒன்றாக நெய்யும் தறியின் உச்சம் வெல்வெட்டில் நடந்தது. பழைய முறையில் வெல்வெட் நெய்வது மகா சிரமம். துணியின் மேல் நிற்கும் மயிரிழைக்காகத் தனிப் பாவு வேண்டும். அந்தப் பாவை மேலே தூக்கி, அடியில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி, ஊடை அடித்து, பிறகு கம்பியின் காடி வழியே கத்தியை ஓட்டி வளையங்களை அறுக்க வேண்டும். அறுத்த பிறகுதான் அது வெல்வெட். கம்பி, அடி, கத்தி. திரும்பவும் கம்பி, அடி, கத்தி. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் துணி கொஞ்சம்தான் நகரும்.

இதற்கு வந்த மாற்று யோசனை எளிமையானது. இரண்டு அடிப்பாவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, சிறு இடைவெளி விட்டுக் கட்டு. மயிரிழைப் பாவு மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் இடையே ஏறி இறங்கட்டும். மேலே ஒரு நாடா, கீழே ஒரு நாடா, இரண்டும் ஒன்றாக ஓடட்டும். நெய்து முடிந்த இடத்தில் இரண்டு துணிகளும் முகத்தோடு முகம் ஒட்டி, நடுவில் இழைகளால் பிணைந்திருக்கும். அங்கே ஒரு கத்தி குறுக்கே போய்வந்து அந்த இழைகளை நடுவில் அறுக்கும். மேலே ஒரு வெல்வெட், கீழே ஒரு வெல்வெட், இரண்டு உருளைகளில் தனித்தனியே சுற்றிக்கொள்ளும். கம்பியே வேண்டாம்.

யோசனை எளிது, செய்வது எளிதல்ல. இரண்டு துணிகளுக்கும் இடையிலான தூரம் ஒரு மயிரளவும் மாறக்கூடாது. மாறினால் ஒரு துணியில் மயிர் நீளமாகவும் மற்றதில் குட்டையாகவும் போய்விடும். கத்தி மழுங்கக்கூடாது. மயிரிழைப் பாவு அடிப்பாவைவிடப் பலமடங்கு வேகமாகத் தீரும். அதை அளந்து விட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரத்து முதலாளி சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர், ஹோசே ரேஷாக் என்ற ஸ்பானியரின் தறியைப் பிடித்து, பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டி இதைச் சரிசெய்தார். லிஸ்டர் ஏற்கெனவே கழிவுப் பட்டில் காசு பார்த்தவர். 1855ல் லண்டன் கிடங்கு ஒன்றில் யாரும் வாங்காமல் கிடந்த, இலையும் செத்த புழுவும் கலந்த பட்டுக் கழிவைப் பவுண்டு அரைப்பென்னிக்கு வாங்கி, அதைச் சீவி நூலாக்கும் எந்திரத்தை உருவாக்கினார். மற்றவர் குப்பை என்று ஒதுக்கியதில் கோடீஸ்வரரானவர். 1870களின் தொடக்கத்தில் எழுந்த அவருடைய மானிங்ஹாம் ஆலையின் புகைபோக்கி 249 அடி உயரம்.

இனி நாம் கவனிக்க வேண்டிய இடம். ஒரு தறி இரண்டு துணி நெய்தால் நெசவாளிக்கு இரட்டைக் கூலி வர வேண்டும் என்று நம் வீட்டுக் குழந்தை கூடச் சொல்லும். நடந்தது வேறு. 1890ல் அமெரிக்கா மெக்கின்லி சட்டத்தால் இறக்குமதி வரியை ஏற்றியது. வெல்வெட் ஏற்றுமதி அடிபட்டது. அந்த டிசம்பரில் மானிங்ஹாம் ஆலை நெசவாளிகளுக்குக் கூலிக் குறைப்பு அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்கள் வெளியே வந்தார்கள். மற்றப் பிரிவினரும் சேர, சுமார் 5,000 பேர் பனிக்காலம் முழுக்க நின்றார்கள். 1891 ஏப்ரலில் தெருவில் ராணுவம் இறங்கியது. 19 வாரங்களுக்குப் பிறகு பசி அவர்களை ஆலைக்குத் திருப்பி அனுப்பியது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியின் கசப்பில்தான் 1893 ஜனவரியில் அதே பிராட்ஃபோர்டில் சுயேச்சைத் தொழிலாளர் கட்சி பிறந்தது. எந்திரம் யாருடையதோ, இரண்டாவது துணியும் அவருடையது. இதை அந்தப் பெண்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அங்கே கேள்வி கூலியோடு முடிந்தது. இங்கே அதற்கு முன்பே இன்னொரு கேள்வி நிற்கிறது: தறியைத் தொட யாருக்கு அனுமதி?

நெசவு நமக்கு அந்நியமான தொழிலா? 1909ல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் நூலில், பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டிலேயே பறையரில் நெசவு, உழவு என இரு பிரிவுகள் குறிக்கப்படுவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தஞ்சை, மதுரைப் பக்கத்துக் கோலியரைப் பற்றி 1901 மக்கள்தொகைக் கணக்கு அறிக்கை, அவர்கள் முன்பு பறையராக இருந்த நெசவாளிகள், இப்போது அவர்களோடு உண்பதுமில்லை, பெண் கொடுத்து எடுப்பதுமில்லை என்று எழுதியது. தர்ஸ்டனை நாங்கள் முழுதாக நம்புகிறவர்கள் அல்ல. மண்டையை அளந்து மனிதனை எடைபோட்டவர் அவர். ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. சேரியில் தறி இருந்தது. தறி வைத்திருந்தவர்களில் ஒரு பகுதி சேரியிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டது. மீதியானவர்கள் நெய்த முரட்டுத் துணியின் சந்தையை ஆலைத்துணி தின்றது. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் திரியாக எரியக் காடாத் துணி மீட்டர் மீட்டராக மேலே போவதை நம் ஊரில் எல்லாரும் பார்க்கிறோம். அப்படிப்பட்ட முரட்டுத் துணிதான் ஒரு காலத்தில் எளிய மக்களின் உடுப்பு. அதை நெய்த கைகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

தறியை இழந்தவர்கள் ஆலைக்குப் போனார்கள். அங்கேயும் தறி மறுக்கப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நாடாவுக்குள் தார் தீர்ந்ததும் புதுத் தார் போட வேண்டும். நூல் முனையை நாடாவின் சின்னக் கண் வழியே வெளியே எடுக்க வேண்டும். வேகமான வழி, கண்ணில் வாயை வைத்து உறிஞ்சுவது. லங்காஷயரில் இதை 'நாடாவுக்கு முத்தம்' என்றார்கள். பஞ்சுத் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போகும். ஒருவர் எச்சில் இன்னொருவர் வாய்க்குப் போகும். நோய் பரவுகிறது என்று 1911ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்த நாடாவைத் தடை செய்தது. பம்பாய் ஆலைகளில் அதே எச்சில் வேறு அர்த்தம் பெற்றது. தீண்டத்தகாதவன் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதி இந்து நெசவாளிகள் மறுத்தார்கள். கூலி கூடுதலான நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவு அவர்களுக்கு என்றானது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் வைத்தார்: எல்லாப் பிரிவிலும் எங்கள் ஆட்களுக்கு வேலை உரிமை என்பதையும் உங்கள் கோரிக்கையில் சேர்ப்பீர்களா? பத்தாண்டு கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாட் ரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் என்ற இரண்டு எதிரிகளைப் பற்றிப் பேசியபோதும் நெசவுப் பிரிவின் கதவு மூடியிருப்பதை அவர் மறக்கவில்லை.

வாய் வைக்காமல் நூல் கோக்கும் நாடாக்கள் அப்போதே உலகில் இருந்தன. தாரைத் தானே மாற்றி நூலைத் தானே கோத்துக்கொள்ளும் நார்த்ராப் தறி 1890களின் நடுவிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு சின்னக் கொக்கி போதும் என்ற இடத்தில் சாதியைக் காரணம் காட்டினார்கள். எச்சில்தான் தடை என்றால் கொக்கி வந்த அன்றே கதவு திறந்திருக்க வேண்டுமல்லவா? வெல்வெட் தறி போல இரண்டு நாடா ஓடும் தறியில் உறிஞ்சும் நாடாவைப் போட்டிருந்தால், தீட்டும் இரண்டு மடங்கு ஆகியிருக்கும் போலும்!

சென்னையில் கதை இன்னும் சிக்கலானது. பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவு வேலைக்குத் திரும்பியதும், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் தனியே ஒரு நினைவுரைக்கான பொருள். கருங்காலி என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடும் தொழிற்சங்க வரலாற்றை நாங்கள் ஏற்கவில்லை என்று மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

இப்போது ஆரணிக்கு வருவோம். வெல்வெட் நம் ஊரில் இல்லை. ஆனால் ஒரு தறியில் இரண்டு துணி நெய்யும் கலை நம்மிடம் வேறு வடிவில் இருக்கிறது. அதுதான் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேறு நிறம். கரைப் பாவு தனி, கரை ஊடை தனி. உடலின் ஊடை கரை தொடங்கும் இடத்தில் கரையின் ஊடையைக் கோத்துக்கொண்டு திரும்பிவிடும். சொல்லப்போனால் மூன்று துணிகள் பக்கம் பக்கமாக நெய்யப்பட்டு, ஒவ்வொரு அடியிலும் கைகோத்துக் கொள்கின்றன. மூன்று நாடா வேண்டும். உடலையும் ஒரு கரையையும் நெசவாளி பார்ப்பார். மறு கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

1733ல் ஜான் கே கண்டுபிடித்த, கயிறு இழுத்து ஓட்டும் நாடா, அகலத் துணிக்குத் தேவைப்பட்ட இரண்டாவது ஆளை அங்கே ஒழித்தது. 1906ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசு நெசவுச்சாலை திறந்து அந்த நாடாவை நம் நெசவாளிகளிடம் பரப்ப முயன்றார். ஆனால் அது கோர்வைக்கு உதவாது. அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடும் நாடா. கோர்வையில் நாடா பாதியில் நின்று திரும்ப வேண்டும். எனவே தறியின் ஓரத்தில் இரண்டாவது ஆள் நீடித்தார். பெரும்பாலும் அந்த ஆள் ஒரு குழந்தை.

வீட்டுப் பிள்ளை இல்லாத இடத்தில் கடன் கொடுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். முன்பணம் பெற்றோருக்கு, உழைப்பு பிள்ளைக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. 1986ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவை அபாயத் தொழில் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு விலக்கும் கொடுத்தது. தறி வீட்டுக்குள் இருக்கும் ஊரில் அந்த விலக்கு சட்டத்தைவிடப் பெரியது. 2003ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரம் தறிகளையும் பேசியது. கடனுக்குப் பிடிபட்ட பிள்ளைகளில் தலித் வீட்டுப் பிள்ளைகள் இருந்ததையும் சொன்னது. தறியில் உட்காரத் தகாதவன் என்று தள்ளப்பட்டவனின் பிள்ளை தறியின் ஓரத்தில் நிற்க மட்டும் தகுதியானது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் தறியில் திருத்தங்கள் வேகமாக வந்தன. பல நாடா வைக்கும் பெட்டிகள், ஒரே ஆள் இழுத்து இயக்கும் கயிறுகள், மோட்டார் தூக்கும் ஜக்கார்டு, கணினி அட்டை. கோர்வையே இல்லாமல் ஊடையை ஓரம்வரை ஓட்டி, கரை போலக் காட்டும் சேலைகளும் பெருகின. இந்தத் திருத்தங்களை நாங்கள் வரவேற்கிறோம். பழைய கைத்திறன் போய்விட்டதே என்று ஏங்கும் பட்டு ரசிகர்களின் வருத்தத்தில் எங்களுக்குப் பங்கில்லை. அந்தக் கைத்திறனில் பாதி, பத்து வயதுப் பிள்ளையின் கை.

ஆனால் கணக்கு ஒன்று பாக்கி. சேலைக் கூலி என்பது ஒரு சேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுவது. ஓரத்து ஆளுக்கு அதிலிருந்துதான் நெசவாளி பிரித்துக் கொடுப்பார். ஓரத்து ஆளின் வேலையைக் கயிறும் பெட்டியும் எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பங்கு கூலியில் நின்றதா, அல்லது அடுத்த கூலிப் பேச்சில் இப்போது ஒரு ஆள்தானே என்று கழிக்கப்பட்டதா? ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் உள்ள கூலிச் சீட்டுகளையும் கடன் நோட்டுகளையும் வீடு வீடாகத் திரட்டும் வேலையை எங்கள் அமைப்பு எடுத்துக்கொள்கிறது. பழைய சீட்டு வைத்திருக்கும் வீடுகள் அதை எடைக்குப் போடாமல் எங்களிடம் காட்டுங்கள். ஓரத்தில் நின்றவர்கள் இன்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அவர்கள் பேச இன்னும் காலம் இருக்கிறது.