ஓரி கொடுத்த வேரியும் கப்பலில் வந்த ஐஸும்

ஆடிப் பதினெட்டுக்குச் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்கு மாலை போடுகிறோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்திய கதை நம் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் கதை வருவது வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில். அதே பாட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வழியில் கண்ட பாணர்களுக்கு ஓரி மான்கறி கொடுத்தான், உருக்கிய நெய் போன்ற வேரி கொடுத்தான், பிறகு தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும் கொடுத்தான். வேரி என்றால் கள். மேடையில் இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஓரியின் வேரி எதில் செய்தது என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டிலேயே தானியத்தில் மது செய்த முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாகச் சொல்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் நாட்டு வலைஞர் குடியிருப்பில் நடக்கும் வேலை அது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஊற்றி ஆற வைக்கிறார்கள். முளைவிட்ட நெல்லை இடித்துக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு கழித்துச் சாடியில் விளைய விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். முளைவிட்ட தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அந்தச் சர்க்கரை நொதித்து மதுவாகும். வாற்கோதுமையை முளைக்க வைத்து வெள்ளைக்காரன் பீர் காய்ச்சுவதும் இதே கணக்குத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்தச் சாடி மதுவுக்கு ஐஸ் வேண்டியதில்லை. காய்ச்சிய வீட்டிலேயே ஓரிரு நாளில் குடித்துத் தீர்ந்துவிடும். நிழலும் மண்பாண்டமும் போதும். கொல்லிமலை மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேலான ஊரில் அதுகூடத் தேவைப்படாது.

பீர் அப்படியல்ல. இங்கிலாந்திலிருந்து பீப்பாயில் மாதக்கணக்கில் கடலில் மிதந்து மெட்ராஸ் வந்தது. அதில் வாயு கரைந்திருக்கும். திரவம் குளிர்ந்திருந்தால் வாயு உள்ளே அடங்கி நிற்கும், சூடானால் திறந்தவுடன் நுரையாய்ப் பொங்கிப் போகும். ஆகவே துரைமார் வீடுகளில் குளிர வைப்பதற்கென்றே ‘ஆப்தார்’ என்று ஒரு வேலையாள் இருந்தார். தண்ணீரில் வெடியுப்பைக் கரைத்தால் தண்ணீர் சில்லென்று ஆகும், அதில் பாட்டிலை அமிழ்த்திச் சுழற்றுவார். அக்பர் அரண்மனையிலேயே இந்த வித்தை இருந்ததாக அயினி அக்பரி சொல்கிறது.

பிறகு ஐஸே கப்பலில் வந்தது. பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அங்கே குளத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சுமார் 180 டன் ஏற்றியதில் நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு 100 டன் அளவுக்கு மிஞ்சியது. மெட்ராஸ் கடற்கரையில் 1842-இல் அவருக்காகக் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்தக் கடல் வியாபாரம் முடிந்தது.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். ராஜாஜி பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கொல்லிமலை அப்போது சேலம் ஜில்லாதான். கூலியைக் கள்ளுக்கடையில் விட்டுவரும் வீட்டுக்காரரால் அடுப்பு எரியாமல் கிடந்த பெண்களுக்கு அது பெரிய நிம்மதி, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் கடைச் சரக்குக்கும் வீட்டுச் சாடிக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. 1971-இல் கடைகள் திரும்பி வந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். வீட்டில் காய்ச்சுவது மட்டும் இன்றும் குற்றம். குடும்பத்தைக் காக்க வந்த விலக்கு போய்விட்டது, வீட்டுத் தொழிலைத் தடுத்த பகுதி மட்டும் தங்கிவிட்டது.

அமெரிக்காவிலும் நெடுநாள் இதே தடை இருந்தது. வீட்டில் பீர் காய்ச்ச மத்தியச் சட்டம் இடம் கொடுத்தது 1978-இல்தான். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போனவர்கள் கண்டிருக்கலாம்: பீப்பாய் மூலையில் சாதாரண வெப்பத்தில் நிற்கும், அதிலிருந்து வரும் மெல்லிய குழாய் ஐஸ் பெட்டிக்குள் பல சுற்றுச் சுற்றி வெளியே குழாய் வாய்க்கு வரும். பீப்பாய் முழுவதையும் குளிர வைக்காமல், ஊற்றும் அளவை மட்டும் குளிர வைக்கிறார்கள். ஆப்தாரும் அன்று வேண்டிய பாட்டிலைத்தான் உப்புத் தண்ணீரில் அமிழ்த்தினார்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. முளைகட்டிய தானியத்தின் சூட்சுமத்தை நம் முன்னோர் சங்க காலத்திலேயே அறிந்திருந்தார்கள். அதில் மது போய்விட்டது. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துப் பேரப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சும் கை இன்னும் இருக்கிறது. அந்த அறிவையாவது விட்டுவிடாமல் மருமகளுக்கும் பேத்திக்கும் சொல்லிக்கொடுங்கள்.