கல்பாக்கத்துக் கறுப்பு வில்லை பிறந்த கதை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கத்தில் 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அங்கே எழவிருந்த வேக ஈனுலைக்கு முன்மாதிரி, பிரான்சின் ராப்சோடி உலை. ஒப்பந்தம் 1969-லேயே கையெழுத்தாகிவிட்டது. எரிபொருளுக்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியமும் அங்கிருந்தே வருவதாக ஏற்பாடு. கட்டடம் மளமளவென்று மேலேறிக்கொண்டிருந்தபோது, 1974 மே மாதம் இந்தியாவின் அணுவெடிப்புச் சோதனையில் பொக்ரான் பூமி அதிர்ந்தது.

அதனால் பிரான்சிலிருந்து யுரேனியம் வரும் வழி அடைபட்டது. அடுப்பு தயாராகிக்கொண்டிருக்க, விறகுக்கு வழியில்லை. கைவசம் இருந்தது புளூட்டோனியம்தான். அதை ஆக்சைடாக்கி அதிகம் சேர்த்தால், உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தோடு ஒத்துப்போகாது. மிஞ்சியது ஒரே வழி: 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு, 30 சதவீதம் யுரேனியம் கார்பைடு. உலகில் எந்த உலையும் அதுவரை இந்தக் கலவையை நம்பி ஓடியதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பொடி காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும்.

டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார், மந்த வாயு நிரப்பிய பெட்டிகளுக்குள் கையுறை வழியே கைநுழைத்து, சுமார் 4 மில்லிமீட்டர் பருமனில் கறுப்பு வில்லைகளை உருவாக்கினார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலை உயிர்பெற்றது. 40 மெகாவாட் வெப்பத்துக்காகத் திட்டமிட்ட உலை. ஆனால் எரிபொருள் தண்டுகள் கொஞ்சமாகவே இறங்கின. டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள் எரிந்ததும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று வரம்பும் கட்டினார்கள். பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள், கைக்கு வந்த உலையை அடக்கி ஓட்டத் துணிந்ததைத்தான் இந்தக் கதையின் பெரிய வீரம் என்பேன். ஆனால் 1987 மே மாதம், ஒரு கணம் அந்த நிதானம் தவறியது.

உலைக்குள் ஒரு தண்டை இடம் மாற்றும்போது அது முழுக்க மேலேறவில்லை. அடிநுனி கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி நீட்டிக்கொண்டிருந்தால் உலையின் மூடியைச் சுழலவிடாமல் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டு அப்போது விலக்கி வைக்கப்பட்டிருந்தது. மூடி சுழன்றது, தண்டும் வழிகாட்டிக் குழாயும் வளைந்தன. குழாயை இருந்த இடத்திலேயே தொலைக்கருவியால் அறுத்தெடுத்து, உலையை மீட்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வில்லைகளுக்கான உண்மையான தேர்வு இன்னும் நடக்கவில்லை.

25,000 எட்டியதும், எரிந்த தண்டு ஒன்று கனத்த ஈயக் கண்ணாடிக்கு அப்பால், இயந்திரக் கைகளிடம் போனது. வில்லை எவ்வளவு உப்பியிருக்கிறது, அதற்கும் எஃகுக் குழலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்று அளந்தார்கள். தாங்கியிருந்தது. வரம்பு உயர்ந்தது. 50,000-இல் மறுபடி சோதனை. 1997 ஜூலையில் மின்கட்டமைப்புக்கு மின்சாரம் போனது. எரிந்த அளவு 2002-இல் ஒரு லட்சம், பிறகு 1,65,000.

பக்கத்தில் எழுந்த 500 மெகாவாட் ஈனுலைக்கான ஆக்சைடு எரிபொருளையும் இதே உலைக்குள் வைத்து எரித்துத்தான் சோதித்தார்கள். அந்தக் கறுப்பு வில்லைகளின் பலத்தில், முதலில் திட்டமிட்ட 40 மெகாவாட்டைக் கல்பாக்கத்துச் சோதனை ஈனுலை தொட்டது 2022 மார்ச்சில்.