ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டார வரலாற்றுச் சின்னங்கள்

ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டார வரலாற்றுச் சின்னங்கள் என்பவை தமிழ்நாட்டின் வடமேற்கில், கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காணப்படும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், நடுகற்கள், கோயில்கள், மலைக்கோட்டைகள், பிற்கால நினைவிடங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கப்பட்ட பின் ஓசூர் இருசக்கர வாகனம், சரக்குந்து, கைக்கடிகாரத் தொழிற்சாலைகளின் ஊராகவே அறியப்படுகிறது. ஆனால், மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் இடையிலான வாயில் என்ற வகையில் இப்பகுதி பல நூற்றாண்டுகளாக முதன்மை பெற்றிருந்தது. இங்குள்ள சின்னங்களில் பலவற்றுக்கும் இன்றைய தொழில் வளர்ச்சிக்கும் அந்த அமைவிடமே அடிப்படை.

பெயரும் நில அமைப்பும்

கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புதிய ஊர். அதுவே ஓசூர் என்றானது. ஊரின் பழைய பெயர் செவிடபாடி என்றும், அது முரசு நாட்டில் அடங்கியிருந்தது என்றும் கல்வெட்டுகளைக் கொண்டு அறியப்படுகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் உள்ளது. கிழக்கே செல்லச் செல்ல நிலம் இறங்கிக் கிருஷ்ணகிரிச் சமவெளியை அடைகிறது. கம்பெனி ஆட்சிக்கால ஆவணங்கள் மேட்டுப்பகுதியைப் பாலாகாட் என்றும் தாழ்ந்த பகுதியைப் பாராமகால் என்றும் குறித்தன. தென்பெண்ணை ஆறு ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இவ்விரு பகுதிகளையும் இணைத்து ஓடுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் இங்கு அன்றாடம் புழங்குகின்றன. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பில் ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது.

பெருங்கற்காலச் சின்னங்கள்

சூளகிரி அருகேயுள்ள மல்லசந்திரத்தில், மோரல் பாறை எனப்படும் குன்றின்மேல் பெரும் எண்ணிக்கையில் கல்திட்டைகள் உள்ளன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைக் கிடத்தி, ஒரு பலகையில் வட்டமான இடுதுளை இட்டு இவை அமைக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் உட்புறத்தில் வெண்ணிற ஓவியங்களும் காணப்படுகின்றன. இத்தகைய கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று அழைக்கும் வழக்கம் தமிழகத்தின் பல இடங்களில் உண்டு.

பர்கூர் வட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது. அங்கு கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு கி.மு. 1615, கி.மு. 2172 என அமைந்தது. தமிழகத்தில் இரும்புப் பயன்பாடு 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படை. பின்னர், தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையிலிருந்து இதனினும் பழமையான காலக்கணிப்புகள் 2025இல் வெளியாயின. ஆயினும் தமிழகத்தின் இரும்புக்கால ஆய்வைப் புதிய திசைக்குத் திருப்பிய இடம் மயிலாடும்பாறையே. பர்கூர் அருகேயுள்ள மல்லப்பாடியின் பாறை ஓவியங்களும் இவ்வட்டாரத்தின் தொன்மைக்குச் சான்றாகும்.

நடுகற்கள்

தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்தோர், புலியோடு போரிட்டு மாண்டோர், தம் தலையைத் தாமே அரிந்து பலியிட்டோர், கணவனுடன் உயிர்விட்ட மகளிர் ஆகியோருக்கு இவை எடுக்கப்பட்டன. பழைய கற்களில் வட்டெழுத்துத் தமிழும், பிற்காலக் கற்களில் கன்னடமும் தெலுங்கும் இடம்பெறுகின்றன. காவேரிப்பட்டணம் அருகே தென்பெண்ணைக் கரையிலுள்ள பெண்ணேசுவர மடத்தில் சோழர்காலக் கல்வெட்டுகள் கொண்ட சிவன் கோயிலையும் நடுகற்களையும் ஒருசேரக் காணலாம்.

இவற்றுள் பல இன்றும் வழிபாட்டில் உள்ளன. நடுகல் வீரனை வேடியப்பன் என்ற பெயரில் வணங்குவது இப்பகுதியின் வழக்கம். பொங்கல் வைத்து வழிபடும் கல்லை யாரும் பெயர்ப்பதில்லை. வழிபாடு நின்றுபோன கற்களே வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் கேட்பாரின்றிக் கிடக்கின்றன.

கோயில்களும் போசளர் தலைநகரமும்

ஓசூரின் நடுவே குன்றின்மேல் அமைந்த சந்திரசூடேசுவரர் கோயில் நகரின் அடையாளமாகும். இறைவன் சந்திரசூடேசுவரர், இறைவி மரகதாம்பாள். ஆண்டுதோறும் மார்ச் மாத அளவில் நடைபெறும் தேர்த்திருவிழாவுக்குக் கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். குன்றின் மேலிருந்து பார்த்தால் ஏரிகளும் தொழிற்சாலைக் கூரைகளும் ஒரே காட்சியில் தெரியும்.

13ஆம் நூற்றாண்டில் போசள அரசு சோமேசுவரனின் இரு மக்களிடையே பிரிக்கப்பட்டது. தமிழகப் பகுதிகளைப் பெற்ற வீர இராமநாதன் முதலில் திருச்சிராப்பள்ளி அருகேயுள்ள கண்ணனூரிலிருந்து ஆண்டான். பாண்டியர் வலிமை பெற்றதும் வடக்கே நகர்ந்து குந்தாணியைத் தலைநகராக்கினான். வேப்பனப்பள்ளி அருகேயுள்ள சின்னகொத்தூர்ப் பகுதியே அந்தக் குந்தாணி என்று கருதப்படுகிறது. ஒரு காலத்தில் அரசு நடந்த ஊர் இன்று எல்லையோரச் சிற்றூராக உள்ளது.

கோட்டைகள்

பாராமகால் என்ற பெயர் பன்னிரண்டு கோட்டைகளைக் குறிப்பதாக மரபு கூறும். கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகராசகடை, தட்டக்கல் முதலியவை அவற்றுள் அடங்கும். விசயநகர அரசின் பிற்காலத்தில் இப்பகுதியை ஆண்ட ஜெகதேவராயரின் பெயர் ஜெகதேவி என்ற ஊரில் நிலைத்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் கீழ் இக்கோட்டைகள் மைசூரின் கிழக்கு அரணாயின.

மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 சூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் மாக்சுவெல் தலைமையிலான படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. அடிவாரத்துப் பேட்டை எரிந்தது. ஆனால் செங்குத்தான பாறைமேல் நின்ற மேற்கோட்டையை அப்படையால் பிடிக்க முடியவில்லை. போரில் பிடிபடாத கிருஷ்ணகிரி, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலுடன் சேர்ந்து கம்பெனிக்குச் சென்றது. ஓசூர் அடங்கிய பாலாகாட் பகுதி 1799 வரை மைசூரிடமே இருந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் இரு அரசுகளின் எல்லை இவ்வட்டாரத்தின் ஊடாகவே சென்றது. 1799 மார்ச்சில் ஆரிசு தலைமையிலான கம்பெனிப் படை சீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்டது இராயக்கோட்டை வழியாகத்தான்.

பாராமகாலை நிருவகித்த அலெக்சாண்டர் ரீடும் அவரின் உதவியாளர் தாமசு மன்றோவும் இங்கு நடத்திய நில அளவையிலிருந்தே இரயத்துவாரி வரிமுறை உருவெடுத்தது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அம்முறை விரிவாக்கப்பட்டது.

பிற்காலச் சின்னங்கள்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை 1824இல் படைக்குதிரைகளை வளர்க்கத் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் இந்தியத் தலைமை ஆளுநர் இராசகோபாலாச்சாரி 1878 திசம்பர் 10 அன்று ஓசூர் அருகேயுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். அவர் பிறந்த இல்லம் அரசால் நினைவில்லமாகப் பேணப்படுகிறது.

பாதுகாப்பு

இவ்வட்டாரச் சின்னங்களுக்குள்ள முதன்மையான சிக்கல், அவை எந்தக் கல்லால் ஆனவையோ அந்தக் கல்லே இன்று விலைபொருளாக இருப்பதாகும். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் வெட்டுதலுக்கும் ஏற்றுமதிக்கும் பெயர்பெற்றது. கல்திட்டைகள், பாறை ஓவியங்கள், கோட்டைகள் மூன்றும் குன்றுகளைச் சார்ந்தவை. குன்று உடைபட்டால் சின்னத்தை மட்டும் தனியே காக்க இயலாது. புதையல் தேடுவோர் கல்திட்டைகளின் மூடுகற்களைப் புரட்டுவதும், வீட்டுமனைகளுக்காக நிலம் சமன்செய்யப்படுவதும் கூடுதல் இழப்பைத் தருகின்றன. இராயக்கோட்டை மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சிற்றூர்களில் சிதறிக் கிடக்கும் பெரும்பாலான நடுகற்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. அவற்றைக் கண்டறிந்து படியெடுக்கும் பணியில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் ஆசிரியர்களும் ஈடுபட்டு வருகின்றனர்.

பார்வையிடல்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் பெங்களூரு - சென்னை நெடுஞ்சாலையில், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சூளகிரி இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் மாவட்டத்தின் நடுகற்களையும் தொல்பொருள்களையும் முதலில் பார்த்துவிட்டுக் களத்துக்குச் செல்வது புரிதலுக்கு உதவும். கோட்டை மலைகளில் ஏறுவதற்குக் காலை வேளை ஏற்றது. குடிநீரைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். கல்திட்டைகளின்மேல் ஏறுவதையும், எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காக நடுகற்களில் சுண்ணாம்பு பூசுவதையும் தவிர்க்க வேண்டும்.