உறையூர்ச் சோழனும் மண்டிக் கணக்கும்

திருச்சி காந்தி மார்க்கெட் மண்டியில் விடியற்காலை மூட்டை எடுத்துப் போகும் தள்ளுவண்டிக்காரர் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். சாயங்காலம் விற்று முடித்துப் பணம் வரும். ஏன் ஏமாற்றுவதில்லை? நாளைக்கும் அதே மண்டிக்குத்தானே வந்தாக வேண்டும்! ஒருமுறை கைவிரித்தால் பக்கத்து மண்டியிலும் சரக்கு கிடைக்காது.

மனிதனின் ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பரிணாமக் கொள்கை சொல்லும் பதிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இரத்த உறவுக்காகத் தியாகம் செய்யும் குணம் ஏன் அழியாமல் தொடர்கிறது என்று 1964-ல் வில்லியம் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளையிடமும் தம்பியிடமும் நம் மரபணுவில் பாதி இருக்கிறது. அவர்கள் பிழைத்தால் அது பிழைக்கும். உறவே இல்லாதவர்களுக்கு? திரும்பத் திரும்பச் சந்திக்கிறவர்களிடையே உதவிக்கு உதவி என்ற பழக்கம் நிலைக்கும் என்றார் ராபர்ட் டிரிவர்ஸ் (1971). ஆக, ஒன்று இரத்தம். இல்லாவிட்டால் கைமாற்று.

இந்த இரண்டுக்கும் அடங்காத ஒரு வழக்கு, மார்க்கெட்டுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, உறையூரில் இருக்கிறது. புறநானூறு சொல்லும் சங்க காலக் கதை.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன் மீது அவன் பெற்ற பிள்ளைகள் இருவரே படை திரட்டினார்கள். அவனும் போருக்குக் கிளம்பிவிட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் தடுத்தார். அவர் கேட்ட கேள்வி சுவையானது: பிள்ளைகளைக் கொன்று ஜெயித்தால், உனக்குப் பின் நாட்டை யாரிடம் விட்டுப் போவாய்? (ஹாமில்டன் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்.) சோழன் போரை விட்டான். வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் விடத் துணிந்தான்.

அப்போது, பக்கத்தில் ஒரு இடம் வையுங்கள், பிசிராந்தையார் வருவார் என்றான். பாண்டிய நாட்டுப் புலவர் அவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை! கேள்விப்பட்ட நட்பு மட்டும்தான். தன் பெயரைக் கேட்டால்கூடச் சோழன் பெயரைச் சொல்லுவாராம். கூட இருந்தவர்கள் நம்பவில்லை. ஆனால் வந்தார், உட்கார்ந்தார், உயிரையும் விட்டார்.

வாழ்க்கை வெறுத்துப்போனவர் என்றும் சொல்ல முடியாது. வயதாகியும் முடி நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள் என்று காரணங்களை அடுக்கியவர் அவர். இரத்தம் முழுக்க ஊரில் இருந்தது. திருப்பித் தர வேண்டிய கடனும் இல்லை, இனி நாளை என்ற நாளும் இல்லை.

இந்தச் சிக்கல் டார்வினுக்கே தெரியும். பிறருக்காக உயிர் கொடுப்பவன் தன் குணத்தைப் பெற்றுக்கொள்ள வாரிசை விடாமலே போகலாம் என்று 1871-ல் அவரே எழுதினார். அவர் கண்ட பதில்களில் ஒன்று புகழாசை. சோழனுக்கு இது பொருந்தும். நல்வினைக்குச் சொர்க்கம் கிடைக்கலாம், அல்லது மறுபிறவி இல்லாமல் போகலாம், அதுவும் இல்லையென்றால் புகழாவது மிஞ்சும் என்று அவனே கணக்குப் பார்க்கிறான். ஆனால் ஏன் சாகிறேன் என்று சொல்லும் பிசிராந்தையார் பாட்டு ஒன்றுகூடப் புறநானூற்றில் இல்லை.

1893-ல் தாமஸ் ஹக்ஸ்லி, ஒழுக்கம் என்பது இயற்கைப் போட்டியை எதிர்த்து நிற்பது என்று பேசினார். அடுத்த ஆண்டே, 1894-ல், உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றினார். ஹக்ஸ்லி சொன்னது கொஞ்சம் அதிகம்தான். நட்பு கொள்ளும் மனமும், பிரிவில் வலிக்கும் மனமும் பரிணாமம் தந்தவையாகவே இருக்கலாம். தினமும் பார்ப்பவர்களுக்காக உண்டான அந்த மனம், பார்க்காத ஒருவரிடம் தவறிப்போய்ச் சிக்கிக்கொண்டது என்றும் சிலர் விளக்கலாம். அதாவது வாராக்கடன்! கணக்கு முடிந்துவிடும். ஆனால் எந்த மண்டிக்காரர் வாராக்கடனைப் பாட்டாகப் பாதுகாத்து வைத்தார்? கதை நடந்ததோ இல்லையோ, இத்தனை நூற்றாண்டுகளாகத் தமிழர் அதைத் தவறு என்று நினைக்கவில்லை, பெருமை என்று நினைத்தார்கள். அதற்கும் சேர்த்து விளக்கம் வேண்டும்.

இன்னொருவரும் உண்டு. பொத்தியார். அவரும் கூடவே சாக வந்தார். மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். பிள்ளை பிறந்தது. அதற்குள் சோழன் நடுகல்லாகிவிட்டான். பொத்தியார் திரும்பி வந்து, அந்தக் கல்லிடம் என் இடம் எங்கே என்று கேட்டார்.